அடுப்பெரிக்கும் கை

ஒரே அடுப்பு, ஒரே குண்டா, அதே ஐந்து லிட்டர் தண்ணீர். மூன்று பெண்கள் முறைவைத்து எரித்தார்கள். புகை எண் முதலில் பதினெட்டு வந்தது, அடுத்து நாற்பத்தொன்று, மூன்றாவதாக இருபத்தாறு. திருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தார். எண்கள் அப்படியேதான் இருந்தன.

கப்பலில் எரிவாயு வருவது நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது. இருக்கிற மின்சாரம் ஆலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வெயில்கால ஏசிக்குமே பற்றவில்லை. எனவே தேங்காய் ஓடு, கடலைத்தொலி, பருத்திமார் எல்லாவற்றையும் அரைத்து அழுத்திய எரிவில்லைதான் இப்போது வீட்டுக்கு வீடு எரிபொருள். மாநிலம் முழுவதும் மறுபடியும் அடுப்பு எரியத் தொடங்கியதும் புகையும் திரும்பி வந்தது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு அடுப்புக்கும் புகை எண் இருபதுக்குள் இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதை அளந்து சொல்லும் பொறுப்பு இருகூருக்குப் பக்கத்தில் இருந்த அடுப்புச் சோதனை மையத்துக்கு வந்தது. அளக்கும் மேடையை வடிவமைக்கும் வேலை திருமூர்த்தியுடையது.

இரண்டு வருடம் உழைத்து நல்ல மேடையாகத்தான் செய்திருந்தார். அடுப்புக்கு அடியில் தராசு. எவ்வளவு வில்லை எரிந்தது என்று நொடிக்கு நொடி சொல்லும். குண்டாவுக்குள் வெப்பமானி. மேலே ஒரு துளிப் புகையும் தப்பாமல் உறிஞ்சிக்கொள்ளும் தகரக் கூம்பு, குழாய், விசிறி. குழாய்க்குள் ஓர் ஒளிக்கற்றை கரித்துகள்களை எண்ணிக்கொண்டே இருக்கும். எல்லாம் மயிரிழை பிசகாமல் வேலை செய்தன. எண்தான் ஆளுக்கு ஆள் மாறியது.

இயக்குநர் சாந்தகுமாரி வந்து பார்த்தார். "அடுப்பைச் சோதிக்கச் சொன்னா நீங்க ஆளைச் சோதிச்சுட்டு இருக்கீங்களே, திருமூர்த்தி."

"வண்டி மைலேஜ் மாதிரிங்க மேடம். ஓட்டறவங்களைப் பொறுத்து மாறுது. வில்லையை எப்பப் போடறாங்க, எத்தனை போடறாங்க, எப்பக் கிளறி விடறாங்க, எல்லாமே புகையில வந்து நிக்குது."

"அப்ப எல்லா வண்டிக்கும் ஒரே டிரைவரைப் போடுங்க."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திருமூர்த்திக்கு அது அப்படியே மனதில் பிடித்துக்கொண்டது. சோர்வடையாத, மறக்காத, எல்லா ஊர்ச் சோதனைச்சாலையிலும் ஒரே மாதிரி எரிக்கும் ஓர் இயந்திரக் கை. யாராவது ஒரு நல்ல சமையல்காரரைப் பார்த்து அது கற்றுக்கொண்டால் போதும்.

பதினோரு பேரை வைத்துப் பார்த்தார். கடைசியில் ஆள் மையத்து கேன்டீனிலேயே கிடைத்தார். கோகிலவாணிக்கு முப்பத்து நான்கு வயது, கணவர் சம்பத் வார்ப்பு ஆலையில் மணல் அச்சு பிடிக்கும் மோல்டர், ஏழு வயதில் நித்திலா என்று ஒரு மகள். கோகிலவாணி எரித்தால் புகை எண் பதினான்கு. மறுநாளும் பதினான்கு. அதற்கு மறுநாள் பதினைந்து வந்தபோது, "நேத்து வில்லை நனைஞ்சிருந்துச்சுங்க," என்று அவளே காரணம் சொன்னாள். பார்த்தால் அதுவும் உண்மைதான்.

இரண்டு மணிக்கட்டிலும் கையசைவைப் பதிவு செய்யும் கறுப்பு வளையல்களைப் போட்டுக்கொண்டு நாற்பது நாள் மேடையில் சமைத்தாள். நாற்பத்தோராம் நாள் அந்த இயந்திரக் கை தானாக ஒரு வில்லையை இடுக்கி எடுத்து, அடுப்பின் வாயில் பக்குவமாகச் சாய்த்து வைத்தது. பிறகு இரண்டு கணம் அந்தரத்தில் நின்று, இல்லாத வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிடுவதுபோல ஒரு சிலுப்புச் சிலுப்பியது.

கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்யோ, அப்பிடியே நானுங்க! எங்கூட்டுக்காரரு பாத்தா பயந்துக்குவாரு."

அந்தக் கையைப் பிரதியெடுத்துப் பதினான்கு ஊர்ச் சோதனைச்சாலைகளுக்கு அனுப்பினார்கள். தர ஆவணத்தில் அதற்கு 'இல்லத்தரசி கை' என்று பெயர் கொடுத்தார்கள். அடுப்புக் கம்பெனிகள் எல்லாம் அந்தக் கைக்குப் பொருந்துமாறு தங்கள் அடுப்புகளை மாற்றின. ரங்கநாயகம் என்பவர் தயாரித்த 'சுடர்க்கொடி' அடுப்பு ஆறு என்ற எண்ணோடு தேறியது. அவ்வளவு குறைந்த எண்ணை அதுவரை யாரும் பார்த்ததில்லை. ரங்கநாயகம் மையம் முழுக்க ஜிலேபி கொடுத்தார். ஆறே மாதத்தில் லட்சக்கணக்கான வீடுகளில் சுடர்க்கொடி எரிந்தது. திருமூர்த்தி வாழ்க்கையில் முதல்முறையாக நிம்மதியாக ஒரு வாரம் விடுப்பு எடுத்துக் குடும்பத்தோடு வால்பாறை போய்வந்தார்.

திரும்பி வந்த அன்று மத்தியானம், கேன்டீன் வேலை முடிந்த கையோடு கோகிலவாணி அவர் அறை வாசலில் நின்றாள்.

"சார், சுடர்க்கொடி வாங்குனனுங்க. புகையுதுங்க."

"புகையாதே அம்மிணி. ஆறுதானே வந்துச்சு? அதுவும் உன் கையிலயே."

"என் கையில இல்லீங்க. மேடையில இருக்கற கையில." கொஞ்சம் தயங்கினாள். "புள்ளை ரெண்டு மாசமா இருமீட்டே இருக்குது. பக்கத்து வீட்லயும் இதே கதைதான். பழைய அடுப்பே தேவலைங்கறாங்க."

அடுப்பில் ஏதோ உற்பத்திக் குறை என்றுதான் திருமூர்த்தி நினைத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கையடக்கக் கருவியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். சமையலறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து உட்கார இடம் கொடுத்தாள். சம்பத் காலை ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தான்.

அடுப்பு அழகாகப் பற்றியது. கோகிலவாணி இரண்டு வில்லை போட்டாள். எண் ஏழு. திருமூர்த்தி பெருமையோடு அவளைப் பார்த்தார். அப்போது பால்காரர் மணியடித்தார். அவள் போய்ப் பாத்திரத்தில் பால் வாங்கிக்கொண்டு வருவதற்குள் தீ தணிந்துவிட்டது. சுடர்க்கொடியின் சின்ன வாய், ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வில்லை என்ற கணக்குக்கு வெட்டப்பட்டது. அவள் அவசரமாக மூன்றைத் திணித்தாள். குப்பென்று புகை. எண் ஐம்பத்து மூன்று. அது தெளிவதற்குள் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. இரண்டு குடத்தோடு ஓடினாள். பிறகு நித்திலாவுக்கு ஒற்றைச் சாக்ஸ் கிடைக்கவில்லை. பிறகு பக்கத்து வீட்டம்மா உறைமோர் கேட்டு வந்தார். பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து போன். ஒரு மணி நேரத்தில் கோகிலவாணி அடுப்பை விட்டு இருபத்து மூன்று தடவை எழுந்து போனாள். எண் கடைசியில் அறுபத்தொன்றில் போய் நின்றது. நித்திலா கதவோரம் நின்று இருமிக்கொண்டே தலைவாரிக்கொண்டாள்.

திருமூர்த்திக்குக் கண் எரிந்தது. புகையினால் மட்டும் அல்ல.

"மேடையில நாற்பது நாளும் இப்படி எழுந்து போகலையே நீ."

"அங்க எதுக்குங்க எந்திரிச்சுப் போறேன்? பால்காரர் அங்க வரமாட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "உங்க கையி நல்ல கையிதானுங்க சார். ஆனா அதுக்குப் புள்ளை இல்லீங்களே."

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அந்தச் சொல் அவர் கூடவே வந்தது. தராசு, வெப்பமானி, ஒளிக்கற்றை என்று எல்லாவற்றையும் மயிரிழைக்கு அளந்தவர், வாசலில் மணியடிப்பதை அளக்கவில்லை. உலகத்தில் யாருமே இல்லாத ஒரு பெண்ணுக்காக அடுப்பு செய்யச் சொல்லி, அதை லட்சம் வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறார்.

சாந்தகுமாரியிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தரம் கையெழுத்தாகி வருசம் ஒண்ணாச்சு. கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்குப் போவாங்க."

"தெரியுங்க மேடம். மறுபடியும் பதிவு பண்ணணும். இந்தத் தடவை வீட்ல."

"வேண்டாம்னு சொன்னா விட்டுருவீங்களா?"

"மாட்டேங்க."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கறீங்க? போய் வேலையைப் பாருங்க."

கோகிலவாணிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "வீட்ல வளையல் போட்டுட்டு இருந்தா, நான் எங்க போறேன், யாருகிட்டப் பேசறேன், எல்லாம் உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"அடுப்புக்கு ஒரு முழத்துக்குள்ள கை வந்தா மட்டும்தான் பதிவாகும். நீ போனது தெரியும். எங்க போனேங்கிறது தெரியாது. தெரியவும் கூடாது."

அறுபது நாள் பதிவு. மேடை விதியையும் திருமூர்த்தி மாற்றி எழுதினார். இனிமேல் சோதனைக்கு வரும் அடுப்பை இயந்திரக் கை அந்த அறுபது நாளில் ஏதோ ஒரு நாளின்படி எரிக்கும். எந்த நாள் என்பதைக் கை தானே குலுக்கி எடுக்கும். முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அப்படி ஐந்து முறை எரித்தும் எண் இருபதுக்குள் இருந்தால்தான் தேர்ச்சி.

புதிய விதியை வெள்ளோட்டம் பார்க்கும் நாளன்று ஏழு கம்பெனிக்காரர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நடுநாயகமாக ரங்கநாயகம், முறுக்கிவிட்ட மீசையோடு. மத்தியானம் எல்லாருக்கும் விருந்து என்பதால் கேன்டீன் ஆட்களின் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். சம்பத் இரவு ஷிப்டு முடித்து ஆலைச் சட்டையோடேயே வந்து, கடைசி வரிசையில் நித்திலாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மேடையில் சுடர்க்கொடி. கை இரண்டு வில்லை போட்டது. கிளறியது. வளையலைச் சிலுப்பியது. பிறகு அப்படியே ஓய்ந்து தொங்கியது. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். தீ சுருங்கிச் சிவந்து கறுத்தது.

"என்னுங்க, மெஷினு ரிப்பேருங்களா?" என்றார் ரங்கநாயகம்.

"ரிப்பேர் இல்லீங்க," என்றார் திருமூர்த்தி. "பால்காரர் வந்திருப்பாருன்னு நினைக்கறேன்."

பின்வரிசையில் கேன்டீன் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கை திரும்பி வந்து அவசரமாக மூன்று வில்லையைத் திணித்தது. கூம்புக்குள் கரும்புகை ஏறியது. எண் நாற்பத்தெட்டு. ரங்கநாயகத்தின் முகமும் அதோடு சேர்ந்து கறுத்தது.

இரண்டாவது முறை கை வேறொரு நாளைக் குலுக்கி எடுத்தது. இந்த முறை அது வில்லையை எடுத்த விதமே வேறு மாதிரி இருந்தது. ஒன்றை எடுத்து அடுப்பின் விளிம்பில் டக்டக்கென்று இரண்டு தட்டுத் தட்டிப் போட்டது. தொடர்ந்து, கொத்தாக ஐந்தை அள்ளித் திணித்தது. எரியாததைக் கண்டு குத்திக் குத்திக் கிளறியது. சாம்பல் பறந்தது. பாதி எரிந்த வில்லையை வெளியே இழுத்துப் போட்டு, யோசித்து, மறுபடியும் உள்ளே தள்ளியது. எண் எண்பதைத் தாண்டியது.

ரங்கநாயகம் எழுந்தே விட்டார். "இதென்ன அநியாயமுங்க! எந்த ஊர்ப் பொம்பளை இப்பிடி அடுப்பெரிப்பா? வேணும்னே எங்களை ஒழிச்சுக்கட்டப் பாக்கறீங்க!"

பதிவில் ஒன்பது நாள் இப்படித் தாறுமாறாக இருந்ததைத் திருமூர்த்தி பார்த்திருந்தார். வீட்டில் விருந்தாளிகள் வந்திருப்பார்கள், பாவம், அலைச்சல் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார். எங்கே போனாள் என்று கேட்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாரே.

கோகிலவாணி மேடைக்குப் பக்கத்தில் நின்று அந்தக் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை இன்னொரு வில்லையை எடுத்து விளிம்பில் டக்டக்கென்று தட்டியது.

"சார்," என்றாள் மெதுவாக. "அது நான் இல்லீங்க."

"பின்னே?"

"மணல் பொட்டியில அச்சைத் தட்டி எடுப்பாங்க பாருங்க, மோல்டருங்க, அந்தத் தட்டு இது." அவள் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சம்பத் மகளின் தலைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, நான் தங்கச்சி பிரசவத்துக்கு உடுமலைப்பேட்டை போனப்ப வளையலைக் கழட்டி அலமாரியில வெச்சுட்டுத்தானே போனேன்? நீங்க எடுத்துப் போட்டீங்களா?"

அவன் எழுந்து நின்றான். காது மடல் வரை சிவந்திருந்தது. "பதிவு நின்னுபோச்சுன்னா உன்னை மாத்தீட்டு வேற ஆளைப் போட்டுருவாங்கன்னு நெனச்சேன். நீ இத்தனை நாளு கஷ்டப்பட்டது வீணாப் போயிருமேன்னுதான்."

"ஒன்பது நாளும் நீங்களா ஆக்குனீங்க? ஓட்டல்ல வாங்கறேன்னு சொன்னீங்க?"

"அப்பாதான் ஆக்குனாரு," என்று நித்திலா உரக்கச் சொன்னாள். "மொத நாளு சோறு கறுப்பா இருந்துச்சு."

கூடமே அதிரச் சிரித்தது. ரங்கநாயகத்துக்கு மட்டும் சிரிப்பு வேறு வழியில் வந்தது. "அட, கடைசியில வளையல் போட்ட ஆம்பளையோட கையா இது! இதுக்கா நாங்க அடுப்பு செய்யணும்?"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. கோகிலவாணியின் முகம் சுருங்கியதைத் திருமூர்த்தி பார்த்தார். ஆனால் சம்பத் தலையைக் குனியவில்லை. அதுவரை இருந்த கூச்சம்கூட அவன் முகத்திலிருந்து போயிருந்தது.

"புள்ளைக்குப் பசிச்சுதுங்க," என்றான். "வளையல் போட்டு ஆக்குனா சோறு வேகாதுங்களா?"

ரங்கநாயகம் இருமினார், கூம்புக்குத் தப்பிய கொஞ்சம் புகைதான் காரணம் என்பதுபோலக் கையை வீசிக்கொண்டார். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பினார். "மேடம், ஆவணத்துல 'இல்லத்தரசி கை'ன்னுதான் இருக்குது. இந்த ஒன்பது நாளு விதிப்படி செல்லாது. அழிச்சுருங்க."

விதிப்படி அவர் சொன்னது சரிதான். சாந்தகுமாரி திருமூர்த்தியைப் பார்த்தார்.

அழிப்பது சுலபம். ஒரு பொத்தான்தான். மீதி ஐம்பத்தொரு நாளும் சுத்தமான பதிவு. யாரும் குறை சொல்ல முடியாது. இருபத்தைந்து வருடமாகப் பிழையான அளவைத் தள்ளிவிட்டு நல்ல அளவை வைத்துக்கொள்வதுதான் அவர் தொழில். ஆனால் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து பார்த்த சமையலறை நினைவுக்கு வந்தது. எது பிழை, எது அளவு என்று முன்னொரு தரம் தப்பாக முடிவு செய்ததை அங்கேதான் தெரிந்துகொண்டார்.

"மேடம், அந்த ஒன்பது நாளும் அந்த வீட்ல அடுப்பு எரிஞ்சுது. சோறு வெந்துது. இந்தப் பாப்பா அந்தப் புகையைத்தான் சுவாசிச்சுது. நடந்ததை எப்படிங்க அழிக்கறது? பேரைத்தான் மாத்தணும்."

சாந்தகுமாரி பேனாவை எடுத்து, ஆவணத்தில் 'இல்லத்தரசி' என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே 'அடுப்பெரிப்பவர்' என்று எழுதினார். "அடுத்த அடுப்பை ஏத்துங்க," என்றார்.

அன்று ஏழு அடுப்புகளும் தோற்றன. விருந்துச் சாப்பாட்டை மட்டும் யாரும் விடவில்லை.

அதன் பிறகு எட்டு மாதம் கம்பெனிக்காரர்கள் திட்டாத நாளில்லை. சிலர் வக்கீலைப் பார்த்தார்கள். ஆனால் புது முத்திரை இல்லாத அடுப்பை வாங்க ஆளில்லை என்றதும் வக்கீலை விட்டுவிட்டு அடுப்பைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றவர் ரங்கநாயகமேதான். மீசையில் பாதியைக் காணோம்.

"என்னுங்க இது?" என்றார் திருமூர்த்தி.

"நானே எரிச்சுப் பாத்தனுங்க. அஞ்சு வில்லையை ஒண்ணாத் திணிச்சா என்ன ஆகுதுன்னு தெரியணுமில்ல? ஆயிடுச்சு." கொண்டுவந்த அடுப்பைத் தட்டிக் காட்டினார். "இப்பத் திணிச்சுப் பாருங்க."

அந்த அடுப்பில் வில்லைகளை மேலே ஒரு கூட்டில் கொட்டிவிட்டால் போதும். வேண்டியபோது ஒவ்வொன்றாகத் தானே இறங்கும். விட்டுவிட்டுப் போனால் தீயைச் சிறிதாக்கிக் காத்திருக்கும். திணித்தால் காற்றைக் கூட்டிச் சமாளிக்கும். இயந்திரக் கை குலுக்கியெடுத்த ஐந்து நாளில் மூன்று நாள் சம்பத்துடையதாக அமைந்தது. ரங்கநாயகம் முருகா முருகா என்று கைகூப்பி நின்றார். ஐந்து முறையும் எண் பதினேழைத் தாண்டவில்லை. அன்றைக்கும் ஜிலேபி வந்தது. முதல் பொட்டலத்தை அவரே எடுத்துக்கொண்டு கோகிலவாணி வீட்டுக்குப் போய்ச் சம்பத்திடம் கொடுத்ததாகப் பின்னால் தெரியவந்தது. என்ன பேசினார் என்று இருவரும் சொல்லவில்லை.

இன்னொரு வருடம் ஓடியது. நித்திலாவின் இருமல் நின்றிருந்தது. கோகிலவாணி இப்போது கேன்டீனில் இல்லை, மையத்தின் களப்பதிவாளர். பையில் வளையல்களைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய், புது அடுப்பு எரியும் முந்நூறு வீடுகளில் பதிவு செய்து வரும் வேலை. விதியின் திருத்திய பதிப்பைத் திருமூர்த்தி அன்று காலையில்தான் அச்சுக்கு அனுப்பியிருந்தார். இனி ஒரு சொல்லும் மாற்ற வேண்டியதில்லை என்ற திருப்தியோடு டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சார், நெகமத்துல ஒரு வீட்ல இருக்கனுங்க. வளையலை யாருக்குப் போடறதுன்னு தெரியலீங்க."

"இதென்ன கேள்வி அம்மிணி? யாரு அடுப்பெரிக்கறாங்களோ அவங்களுக்குப் போடு."

"அதானுங்க சிக்கலே. முன்னெல்லாம் அந்தம்மா மட்டுந்தான் எரிச்சாங்களாமா. இந்த அடுப்பு வந்ததுக்கப்புறம் யாரு எரிச்சாலும் எரியுதுன்னு ஆளுக்கொரு நேரம் எரிக்கறாங்களாமா. இப்பப் புருசன், பொண்டாட்டி, மாமனாரு மூணு பேரும் கையை நீட்டீட்டு நிக்கறாங்க. நேத்துப் போன வீட்லயும் இதே மாதிரிதானுங்க."

திருமூர்த்தி டீயைக் கீழே வைத்தார். அச்சுக்குப் போன விதியின் முதல் வரி அவருக்கு மனப்பாடம்: ஒரு வீட்டுக்கு ஒரு கை. பதினான்கு சோதனைச்சாலை, அத்தனை இயந்திரக் கை, இரண்டு வருட உழைப்பு, எல்லாம் அந்த ஒரு வரியின் மேல்தான் நின்றுகொண்டிருந்தன.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணு பேருக்கும் போட்டு விடு. நான் அச்சகத்துக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொல்றேன்."